தூக்க நாலு பேர் வருவானா?

நடுவர் அவர்களுக்கும், அவர் மேசையில் காத்திருக்கும் மணிக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். விழாக் குழுவுக்கு நன்றி, காபி நன்றாக இருந்தது.

சமூக வலைத்தளங்கள் வளரிளம் பிள்ளைகளின் நட்பை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா? வளர்க்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். இந்த அணியில் சேர எனக்கு இருக்கிற ஒரே தகுதி, வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற அக்கா மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான்.

ஸ்னாப்சாட்டில் ‘ஸ்ட்ரீக்’ என்று ஒன்று உண்டு. தெரிந்த பெற்றோர் கை தூக்குங்கள். நாலு கை. சரி, சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் தினம் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்ப வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இருவரும் அனுப்பிவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தீ பொம்மை, கூடவே நாள் கணக்கு. ஒருவர் மறந்தாலும் தீ அணைந்தது, கணக்குப் போச்சு. அப்படி என்னதான் அனுப்புகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். சீலிங் ஃபேன். மறுநாள் பாதி நெற்றி. அதற்கு மறுநாள் திரும்பவும் ஃபேன், ஆனால் ஓடவில்லை, கரண்ட் இல்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் தோழி அனுப்பியது ஒரு சாம்பார் வாளி. இப்படியே முந்நூறு நாளைத் தாண்டிவிட்டார்கள்!

போன சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போனோம். சாத்தூர் தாண்டி உள்ளே போக வேண்டும். போனில் ஒரு கோடுகூட இல்லை. சாயங்காலம் ஸ்ட்ரீக் முடியப்போகிறது என்று தீக்குப் பக்கத்தில் மணற்கடிகாரப் பொம்மை காட்டிவிட்டது. இவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. ஏறிவிட்டாள்.

கீழே பெரியப்பா ஆட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். ஆடு தலையாட்டாமல் அரை மணி நேரமாக இழுத்தடிக்கிறது. நிமிர்ந்தவர் கண்ணில் தொட்டி. “ஏய், புள்ள தொட்டி மேல ஏறிருச்சு!” அவ்வளவுதான், ஊரே ஓடிவந்தது. அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த பூசாரி, அம்மனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு ஓடிவருகிறார். அக்கா மயங்கி விழுந்தாள், நல்ல நிழலாகப் பார்த்து. அத்தான், “கண்ணு, மார்க்கு போனா போவுது, எறங்கி வா” என்கிறார். பெரியப்பா ஒரு படி மேலே போனார். “யாரா இருந்தாலும் சரி, எந்தச் சாதியா இருந்தாலும் சரி, கட்டி வைக்கிறோம், எறங்கும்மா!” நடுவர் அவர்களே, மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் யார் வாயிலிருந்தும் வராத வார்த்தை! பக்கத்தில் நின்ற அவர் மகன் மெதுவாகக் கேட்கிறான், “அப்பா, எனக்கும் இதே பேச்சுதானே?”

மேலேயிருந்து இவள் கத்துகிறாள், “கொஞ்சம் இருங்க, போய்க்கிட்டே இருக்கு!” உயிர்தான் போகிறது என்று நினைத்து அத்தை ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். போனது உயிரில்லை, படம். என்ன படம்? வாயைப் பிளந்து மேலே பார்க்கிற எங்கள் மொத்தச் சொந்தமும்! அந்த நேரம் பார்த்து ஆடு தலையாட்டிவிட்டது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

இப்போது ஊரில் அந்தக் கதை எப்படி உலவுகிறது தெரியுமா? அத்தை சொன்னால் தொட்டி நூறடி உயரம். பூசாரி சொன்னால், ஏற்றியதும் அம்மன், இறக்கியதும் அம்மன். பெரியப்பாவும் சொல்கிறார், அந்தச் சாதி வரியை மட்டும் விட்டுவிட்டு. அவர் மகன் அதை விடுவதாக இல்லை.

ஒரு ஃபேன் படத்துக்கா இத்தனை கூத்து என்று கேட்பீர்கள். அந்தத் தோழி பத்தாவது முடித்ததும், அவள் அப்பாவுக்கு மாற்றலாகி ஓசூர் போய்விட்டாள். நம் காலத்தில் அப்படிப் போனவர்கள் போனவர்கள்தான். ஆட்டோகிராஃப் நோட்டில் ‘மறவாதே’ என்று பக்கம் பக்கமாக எழுதினோம், இன்றைக்கு அந்தப் பெயருக்கு முகம் ஞாபகம் வரவில்லை. இவள் தினம் ஒரு தடவை அவளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். கம்பெனி பிள்ளைகளைக் கட்டிப்போடத்தான் அந்தத் தீயை வைத்தது என்பார்கள். இருக்கட்டும், கம்பெனிக்கு வேறென்ன வேலை!

ஃபில்டர் போட்ட முகமெல்லாம் போலி அடையாளம் என்றார் எதிரணித் தங்கை. தங்கச்சி, வீட்டுக்குப் போய்க் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். தாம்பரம் தாண்டாத மாப்பிள்ளை தாஜ்மகால் முன்னால் நிற்பார்.

ஆஸ்திரேலியாவே 16 வயதுக்குக் கீழே தடை போட்டுவிட்டது என்றார் இன்னொருவர். உண்மைதான், 2025 டிசம்பர் 10 முதல். ஆனால் அபராதம் யாருக்கு? கம்பெனிக்கு. பிள்ளைக்கோ பெற்றவருக்கோ தண்டனை கிடையாது. யாரைப் பிடிக்க வேண்டும் என்று அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது பேராசிரியரிடம் வருகிறேன். எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார், நீங்களும் கை தட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “ஃபேஸ்புக்கில் ஐயாயிரம் நண்பர்களாம். செத்தால் தூக்க நாலு பேர் வருவானா?”

ஐயா, பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்து, பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்கலாம், சாப்பிட்டாயா என்று கேட்கலாம். செத்தால் யார் தூக்குவார் என்றா கேட்பது? அப்புறம், ஃபேஸ்புக்கில் எந்தப் பிள்ளை இருக்கிறது? அது நாம் இருக்கிற இடம். பெரியப்பாக்கள் காலை வணக்கம் போட ஆரம்பித்த அன்றைக்கே பிள்ளைகள் இன்ஸ்டாகிராமுக்குக் குடிபோய்விட்டார்கள். சரி, தூக்குவதற்கே வருவோம். இப்போது யார் தூக்குகிறார்கள்? அமரர் ஊர்தி வாசலுக்கே வருகிறது. உங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். சிரிக்கிறார், தெரியவில்லை!

2015 டிசம்பரில் சென்னை முங்கியபோது, எந்த மாடியில் யார் சிக்கியிருக்கிறார், எங்கே படகு வேண்டும், எங்கே சோறு இருக்கிறது என்று ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் ராத்திரி பகலாகப் பகிர்ந்தவர்கள் யார்? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்த இளைஞர்களை எந்தக் கட்சி வண்டி வைத்துக் கூட்டி வந்தது? போன்தான் கூட்டி வந்தது.

நீங்கள் தமிழ்ப் பேராசிரியர். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுக்காரர், கோப்பெருஞ்சோழன் உறையூர்க்காரன். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்தபோது, என் நண்பன் வருவான், இடம் ஒதுக்குங்கள் என்றான். வந்தார், அவரும் கூடவே உயிர்விட்டார். வகுப்பில் கண் கலங்க நடத்துகிறீர்கள், வாசலுக்கு வந்தால் நாலு பேர் வருவானா என்று கேட்கிறீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன். திக்கிப் பேசுவான். வருகைப் பதிவில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு சிரித்துவிடும். பள்ளியில் அவனுக்கு வைத்திருக்கிற பட்டப் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையை வெட்டி அரசுப் பேருந்து செய்வான் பாருங்கள், வைப்பர்கூட அசையும், ஊர்ப் பலகையில் எழுத்து எறும்பு அளவு இருக்கும். அதைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவான். அங்கே அவன் பெயர் ‘பஸ் அண்ணன்’. அவனைப் போலவே பேருந்துப் பைத்தியங்கள் ஊர் ஊராகச் சேர்ந்து ஒரு குரூப் ஆனார்கள்.

போன ஆடியில் அவன் அப்பா தவறிவிட்டார். மறுநாள் விடிந்தும் விடியாமலும் தெருமுனையில் பையன்கள் வந்து நிற்கிறார்கள். ஒருவன் சேலம், ஒருவன் தென்காசி, இரண்டு பேர் பொள்ளாச்சி, மற்றவர்கள் வேறு வேறு ஊர். ராத்திரி பஸ்ஸில் தனியாக அனுப்பப் பயந்து, ஒருவனோடு அவன் அப்பாவும் வந்திருந்தார். “நீங்கள்லாம் யாரு வீட்டுப் புள்ளைங்க?” என்று கேட்கிறார்கள் சொந்தக்காரர்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. இவன் வெளியே வந்தான். “எ... எ... எங்க...” அதற்கு மேல் வரவில்லை. எவனும் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை, எவனும் முகத்தைத் திருப்பவில்லை. அவன் “எங்க அப்பா” என்று சொல்லி முடிக்கிறவரை அப்படியே நின்றார்கள்.

பேராசிரியரே, எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர். தெருமுனை திரும்பும்போது, தோள் வலித்த சித்தப்பாவிடமிருந்து பாடையை மாற்றி வாங்கிக்கொண்டவன் அந்தச் சேலத்துப் பையன்.

மணி அடிக்க வேண்டாம் நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.