பிடிபட்ட பிறகு தொடங்கும் ஆட்டம்

அனைவருக்கும் வணக்கம். ரக்பி லீக் ஃபார்வர்ட் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் ஆர்தர் பீட்சன். ஆஸ்திரேலியாவில் 'பெரிய ஆர்ட்டி' என்றால் போதும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முதலில் ஃபார்வர்ட் என்றால் யார்? பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பதுதான் ரக்பி லீக். ஓர் அணிக்கு 13 பேர், அதில் 6 பேர் ஃபார்வர்டுகள். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணியின் நடுவே போய் மோதுவதுதான் பிழைப்பு. நாலு மீட்டர் முன்னேறுவார், இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாய்ப்பார்கள், எழுந்து மறுபடி மோதுவார். புள்ளி எடுத்துப் பேர் வாங்குவது பெரும்பாலும் ஓரத்தில் ஓடும் ஒல்லி ஆட்கள்தான்.

பீட்சன் 1945-ல் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் ரோமா என்ற ஊரில் பிறந்தவர், பூர்வகுடி. பூர்வகுடிப் பிள்ளைகளை அரசாங்கமே குடும்பங்களிலிருந்து பிரித்துக் கொண்டுபோன காலத்தில் அப்படிப் பிரிக்கப்பட்டவர்களில் அவருடைய தாயும் ஒருவர். பிரிஸ்பேனுக்கு அருகே ரெட்கிளிஃப் கிளப்பில் ஆடிவிட்டு, 1966-ல் சிட்னியின் பால்மெய்ன் அணிக்குப் போனார். அதே ஆண்டு நாட்டுக்காகவும் ஆடினார். பூர்வகுடி மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க வழிவிட்ட பொதுவாக்கெடுப்பு நடந்தது 1967-ல். அதாவது, ஆஸ்திரேலியாவின் சட்டை அவர் உடம்பில் ஏறியபோது, ஆஸ்திரேலியர்களின் எண்ணிக்கையில் பூர்வகுடி மக்கள் இல்லை!

பால்மெய்னில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பாதி ஆட்ட ஆர்ட்டி'. முதல் பாதியில் மைதானத்தை அதிர வைப்பார், இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். பயிற்சி என்றால் கசப்பு, சாப்பாடு என்றால் இனிப்பு. 1969 இறுதி ஆட்டத்தில் பால்மெய்ன் 11-2 என்று ஜெயித்தது. அவர் ஆடவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டுத் தடை வாங்கியிருந்தார். கோபத்துக்குக் கொடுத்த விலை.

சரி, அப்படிப்பட்டவரை ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? அவருடைய கைகளுக்காக. கபடியில் பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது. பீட்சனுக்குப் பிடிபட்ட பிறகுதான் ஆட்டமே. ஒருவர் இடுப்பைக் கட்டியிருப்பார், இன்னொருவர் தோளில் தொங்குவார். இவர் விழமாட்டார். கால்களை ஊன்றி, பந்துள்ள கையை மட்டும் அவர்கள் பிடிக்கு வெளியே நீட்டி வைத்திருப்பார். இடுப்போரமாக ஓடிவரும் தன் ஆள் கையில் பந்தைத் தட்டிலிருந்து எடுத்து வைப்பதுபோல் வைத்துவிடுவார். தடுக்க வேண்டிய இரண்டு பேரும் இவரைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், வழி திறந்து கிடக்கும். இதற்கு 'ஆஃப்லோட்' என்று பெயர். 1967-க்கு முன்பு ஓர் அணி எத்தனை முறை பிடிபட்டாலும் பந்தைத் தன்னிடமே வைத்திருக்கலாம். அந்த ஆண்டு நாலு முறைதான் என்று விதி வந்தது, 1971-ல் அது ஆறானது. எண்ணி எண்ணி ஆடவேண்டிய நிலையில் அந்தக் கைக்கு மதிப்பு கூடியது.

1971-ல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிக்கு மாறினார். ஜாக் கிப்சன் பயிற்சியாளராக வந்த பிறகு பாதி ஆட்டம் முழு ஆட்டமானது. 1974, 1975 இரண்டு ஆண்டும் கோப்பை. 1975 இறுதியில் செயின்ட் ஜார்ஜ் அணியை 38-0 என்று துவைத்தெடுத்தார்கள். இடையில் 1973-ல் ஆஸ்திரேலிய அணியின் தலைவரானார். எந்தப் பெரிய விளையாட்டிலும் அந்த நாட்டு அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி அவர்தான். பலர் அவர் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஏனென்றால் 1980 இருக்கிறது. சிட்னி கிளப்புகளிடம் சூதாட்ட இயந்திரங்கள் கொட்டிய பணம் இருந்தது, குயின்ஸ்லாந்தின் நல்ல ஆட்கள் எல்லாம் தெற்கே போனார்கள். ஆண்டுதோறும் குயின்ஸ்லாந்தும், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸும் மோதும். எந்த மாநில கிளப்பில் ஆடுகிறார்களோ அந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்பது விதி. ஆக, குயின்ஸ்லாந்து தன் பிள்ளைகளிடமே தோற்றுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு முதல் இரண்டு ஆட்டமும் போன பிறகு, மூன்றாவதில் அவரவர் சொந்த மாநிலத்துக்கு ஆடலாம் என்று சோதித்துப் பார்த்தார்கள். 35 வயது பீட்சன் அப்போது பராமட்டா கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அவரைத்தான் தலைவராகக் கூப்பிட்டார்கள். நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடியவர், பிறந்த மாநிலத்துக்கு அதுவரை ஒருமுறைகூட ஆடியதில்லை.

ஜூலை 8 இரவு, பிரிஸ்பேன் லாங் பார்க். முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். எதிரணியில் அவருடைய பராமட்டா சகா மிக் க்ரோனின். வந்தவரை உயரக் கைவீசித் தடுத்தார் ஆர்ட்டி. அது குத்தா, தடுப்பா என்று இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. வருஷத்துக்கு வருஷம் அந்த அடி பலமாகிக்கொண்டே போகிறது என்பது என் சந்தேகம். ஆனால் சிநேகிதம் பார்க்காமல் மோதலாம் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது. குயின்ஸ்லாந்து 20-10. சோதனைக்கென்று வைத்த அந்த ஆட்டம்தான் இன்று நாடே நின்று பார்க்கும் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்'.

அடுத்த வருஷம் பீட்சன் ரெட்கிளிஃபுக்கே திரும்பிப் போய் ஆடினார்.