ஒன்றரை வயதுக் குட்டியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பள்ளிப் பாடம்: நாளைப் பிரிப்பது எப்படி?

[காட்சி: ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு அட்டவணை. கீழ்மூலை கிழிந்திருக்கிறது.]

வணக்கம். இது எங்கள் வீட்டின் முதல் அட்டவணை. நாலு கலர் ஸ்கெட்ச் பேனா, அடிக்கோல் எல்லாம் வைத்துப் போட்டேன். 9 மணி தமிழ், 9.40 கணக்கு, 10.20 ஆங்கிலம், 11 மணி அறிவியல். மூன்றாம் நாள் காலை 9.12-க்கு இந்த மூலை போனது. கிழித்தவனுக்கு அப்போது 20 மாதம். அவன் அக்காவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்புப் பாடம் வீட்டிலேயே படிக்கிறாள்.

அவனைத் திட்டி என்ன பயன்? அந்தத் தாளில் அவன் பெயரே இல்லை. வீட்டில் அதிகச் சத்தம் போடுகிற ஆளை விட்டுவிட்டு நான் நேரம் பிரித்திருக்கிறேன். இந்த வீடியோவில் அவனிடமிருந்து தொடங்கி எப்படி அட்டவணை போடுவது என்று சொல்கிறேன்.

[திரையில்: 800 ÷ 200 = 4]

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வைத்திருக்கிறது. வகுத்தால் நாளுக்கு 4 மணி நேரம். அது ஒரு வகுப்பறைக்கு. வருகைப்பதிவு எடுத்து, எல்லாரும் நோட்டைத் திறக்கும்வரை காத்திருந்து, பின்வரிசையில் இருப்பவனுக்கு மறுபடி சொல்லி என்று போகிற 4 மணி நேரம். வீட்டில் ஒரே பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு தேவைப்படவில்லை. எங்களுக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இதை நான் நம்பவே ஒரு மாதம் ஆனது. நம்பிய பிறகுதான் கையில் நேரம் இருப்பது தெரிந்தது.

சரி, அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே வைப்பது?

[காட்சி: ஒரு பழைய டைரி. பக்கத்தில் கிறுக்கலாக நேரங்கள்.]

ஒரு வாரம் எந்த அட்டவணையும் போடாதீர்கள். குட்டியை மட்டும் கவனித்துக் குறித்து வையுங்கள். எப்போது எழுந்தான், எப்போது சாப்பிட்டான், எப்போது சிணுங்க ஆரம்பித்தான், எப்போது தூங்கினான். அவ்வளவுதான். எங்கள் டைரியில் ஐந்தாம் நாளே ஒரு ஒழுங்கு தெரிந்தது. பகல் தூக்கம் 12-லிருந்து 12.30-க்குள் வருகிறது, ஒன்றரை மணி நேரம் நீடிக்கிறது. சிணுங்கல் எப்போதும் 10.15-ஐ ஒட்டி. அது பசி. நான் அதைச் சேட்டை என்று நினைத்து இத்தனை நாள் அதட்டியிருக்கிறேன்.

ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவன் இரவில் 10 மணி நேரம் தூங்குகிறான். ஆக, பகல் தூக்கம் அவனுக்கு அவசியமானது. எனக்கு வசதி என்பதற்காக அதை முன்னே பின்னே இழுக்க முடியாது. பாடம்தான் அதைச் சுற்றி நகர வேண்டும்.

[காட்சி: பாடப்புத்தகத்தின் பொருளடக்கம். ஓரத்தில் பென்சிலில் ‘வி’, ‘தூ’.]

அடுத்து புத்தகத்தை எடுங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மூன்றாம் வகுப்புக்கு மூன்று பருவமாக வருகிறது. பொருளடக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்து போடுங்கள். குட்டி விழித்திருக்கும்போதும் நடத்த முடிந்தால் ‘வி’. தூங்கினால்தான் நடக்கும் என்றால் ‘தூ’. வாய்ப்பாடு, பாட்டு, திருக்குறள், கதை வாசிப்பு, செடி கொடி பார்ப்பது எல்லாம் ‘வி’. புதுக் கணக்கும் கட்டுரை எழுதுவதும் ‘தூ’. எங்கள் புத்தகத்தில் ‘தூ’ நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது.

புதுக் கணக்கை ஏன் தூக்க நேரத்துக்கு ஒதுக்குகிறேன் என்பதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

[திரையில்: 52 − 27 = ?]

ஒரு காலையில் இந்தக் கணக்கைக் கொடுத்தேன். பெரியவள் 35 என்று எழுதினாள். தம்பி என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "தப்பு, மறுபடி போடு" என்றேன். மறுபடியும் 35. குரலை உயர்த்தினேன், அவள் அழுதாள், அவளைப் பார்த்து அவனும் அழுதான்.

மதியம் அவன் தூங்கியதும் புளியங்கொட்டையைக் கொண்டுவந்தேன். பத்துப் பத்தாக ஐந்து சின்னக் கிண்ணம், தனியாக இரண்டு கொட்டை. "இதிலிருந்து 27 எடு பார்ப்போம்." இரண்டு கிண்ணத்தை நகர்த்தினாள். அப்புறம் ஏழு கொட்டை எடுக்கப் போனாள். இருந்தது இரண்டு. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு கிண்ணத்தை அவளே கவிழ்த்தாள். 25. காலையில் என்ன செய்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது: ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண் என்ற பழக்கத்தில். அந்த அரை நிமிட மௌனம் காலை 9.40-க்கு எங்கள் வீட்டில் கிடைக்காது.

கொட்டை, நாணயம், பாசிமணி, ரப்பர் பேண்ட் எல்லாம் தூக்க நேரச் சாமான்கள். மூடி போட்ட டப்பாவில், மேல் அலமாரியில் இருக்கும். அவன் எழும் முன் எண்ணி வைத்துவிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. இந்த வயதில் எல்லாமே வாய்க்குத்தான் போகும்.

[காட்சி: கதவுக் கொக்கியில் ஐந்து மஞ்சப்பை.]

இப்போது விழித்திருக்கும் நேரம். கல்யாண வீடுகளில் கொடுத்த மஞ்சப்பை ஐந்து எடுத்தேன், திங்கள் முதல் வெள்ளி வரை. ஒன்றில் எவர்சில்வர் டப்பாக்களும் கலந்து போட்ட மூடிகளும். ஒன்றில் பழைய துணித் துண்டுகள். ஒன்றில் சொம்பும் இரண்டு டம்ளரும், இது பால்கனியில் தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு விளையாட. வாளி கூடாது, அதில் சில அங்குலத் தண்ணீர்கூட ஆபத்து. அன்றைய பை பாட நேரத்தில் மட்டும்தான் இறங்கும், முடிந்ததும் மேலே போய்விடும். நாள் முழுக்கக் கையில் இருந்தால் இரண்டாம் நாளே மதிப்பு போய்விடுகிறது. ஒரு பை எனக்கு 15 நிமிடம் வாங்கித் தரும், நல்ல நாளில் 25.

ஆனால் பையைக் கொடுப்பதற்கு முன் அவனோடு தரையில் உட்கார்ந்து இருபது நிமிடம் விளையாடிவிடுவேன். இது வீண் நேரம் என்று முதலில் நினைத்தேன். இதை விட்ட நாளெல்லாம் பை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

போன் கொடுக்கலாமே என்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலில் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் கொடுத்தேன், மறைக்கவில்லை. ஆனால் அதை அட்டவணையில் சேர்க்கவில்லை.

[திரையில், ஒன்றன்கீழ் ஒன்றாக: விளையாட்டு. மஞ்சப்பை + வாசிப்பு. 10 மணிக்குப் பழம். வெளியே. சாப்பாடு. தூக்கம் + கணக்கு, எழுத்து. மாலை, அப்பா.]

இதுதான் இப்போதைய தாள். பழத்துக்கு மட்டும்தான் மணி போட்டிருக்கிறேன், அது சிணுங்கலுக்கு முன்னால் போக வேண்டும் என்பதால். சமையலைக் காலை 9-க்குள் முடித்துவிடுகிறேன், இல்லையென்றால் தூக்க நேரத்தை அடுப்படி தின்றுவிடும். மாலையில் அவர் வேலை முடிந்து வந்ததும் சின்னவனை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். அந்த நாற்பது நிமிடம் மிச்சம் மீதிக்கு.

அவன் தூங்காத நாளும் வரும். பல் முளைக்கும், தடுப்பூசி போட்டிருக்கும், கீழ்வீட்டில் டிரில்லிங் மெஷின் ஓடும். அன்றைக்கு ‘தூ’ பாடம் கிடையாது, ‘வி’ மட்டும். மறுநாள் இரண்டு மடங்கு வைத்து ஈடுகட்டவும் வேண்டாம். பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழி தரும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதவே 14 வயது முடிந்திருக்க வேண்டும். எட்டு வயதுக்காரியை ஒரு செவ்வாய்க்கிழமைக்காக விரட்ட வேண்டியதில்லை.

[காட்சி: பாயில் தூங்கும் குழந்தையின் கால்கள் மட்டும்.]

இன்னொன்று, நான் தாமதமாகக் கற்றது. ஒருநாள் அவன் கண் மூடியதும் நோட்டைத் திறந்தேன். பெரியவள் கேட்டாள், "தம்பி தூங்கினாத்தான் நீ எனக்கு அம்மாவா?" என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து தூக்க நேரத்தின் முதல் பத்து நிமிடத்துக்குப் புத்தகம் கிடையாது. மடியில் படுத்துக்கொள்வாள், தலை கோதச் சொல்வாள், சில நாள் பேசவே மாட்டாள். கணக்கு பத்து நிமிடம் தள்ளித் தொடங்கும்.

மூன்று வயதுக்கு மேல் இந்தப் பகல் தூக்கம் மெல்லக் குறையும் என்கிறார்கள். அப்போது தாளும் மாறும். இப்போதைக்குப் பைகள் கதவில் தொங்குகின்றன. வெள்ளிக்கிழமைப் பையின் காது மட்டும் அறுந்திருக்கிறது, தைக்க வேண்டும்.