பந்திக்கும் ஒரு சிட்டை

பெரியோர்களே, ஆச்சிமார்களே, சமையல் கட்டிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த காலத்திலேயே அன்றாட வரவுசெலவைச் சிட்டையில் எழுதிப் பேரேட்டில் பதிந்த ஊர் நம்முடையது. மொய்க்கு நோட்டு உண்டு, சீர்சாமானுக்குப் பட்டியல் உண்டு. பந்திக்கு மட்டும் "ஒரு ஐந்நூறு பேருக்கு ஆக்கிவிடுங்கள்" என்று வாய்க்கணக்கு. காரைக்குடிக் கல்யாணங்களில் மிச்சமும் பற்றாக்குறையும் அங்கேதான் தொடங்குகின்றன.

காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒரே ஆள்கணக்குக் கொடுக்காதீர்கள். முகூர்த்தம் பார்த்துப் பலகாரம் சாப்பிட்ட உள்ளூர்க்காரர்களில் பலர் கடைக்கும் அலுவலகத்துக்கும் கிளம்பிவிடுவார்கள். மதியம் வரை இருப்பவர்கள் பங்காளிகள், சம்பந்தி வீட்டார், வெளியூர் உறவினர். இரண்டையும் தனித்தனியே எழுதி சமையற்காரரிடம் கொடுங்கள்.

மதியத்துக்கு ஆளுக்கு 100 முதல் 120 கிராம் அரிசி போதும். 500 இலைக்கு 50 முதல் 60 கிலோ. கூட்டு, பொரியல், மண்டி (அரிசி களைந்த நீரில் வைக்கும் செட்டிநாட்டுக் குழம்பு), பாயசம் என்று வகை கூடக்கூடச் சோறு குறைவாகத்தான் இறங்கும். நாமோ வகையையும் கூட்டுகிறோம், அரிசியையும் கூட்டுகிறோம்.

அந்த அரிசியையும் ஒரே மூச்சில் வடித்துக் கொட்டக் கூடாது. 100 இலை விழும் கூடத்தில் ஒரு பந்தி உட்கார்ந்து, எழுந்து, இலை எடுத்துத் துடைக்க 35 முதல் 40 நிமிடம் ஆகும். ஐந்து பந்திக்கு மூன்று மணி நேரம். முதல் ஈடாக 25 கிலோ வடியுங்கள். இரண்டு பந்திக்கு அது வரும். இரண்டாம் பந்தி உட்காரும்போது காத்து நிற்பவர்களை எண்ணி அடுத்த ஈட்டைத் தீர்மானியுங்கள். உலை கொதிநிலையிலும் அரிசி களைந்தும் இருந்தால் அரைமணியில் சோறு வந்துவிடும். இதற்கென்று ஒருவர் கையில் நோட்டோடு பந்தி வாசலில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் வரவேற்கிற பொறுப்பு அவருக்கு இருக்கக் கூடாது.

பரிமாறுவதில் பெரிய குறை, ஆள் உட்காருமுன் இலையை நிரப்பிவிடுவது. அப்பளம் நமத்துப்போகும், வடை ஆறும், வேண்டாதவரும் வேண்டாம் என்று சொல்ல இடமிருக்காது. உப்பு, ஊறுகாய், இனிப்பு மட்டும் முன்னால் வைக்கலாம். மற்றவை உட்கார்ந்த பிறகு, சிறு கரண்டியால், கேட்டுக் கேட்டு. இரண்டாம் முறை வந்து கேட்பதில்தான் உபசாரம் இருக்கிறது. முதல் முறையே குவிப்பதில் இல்லை. குழந்தைகளுக்கு முழு இலை போட்டாலும் அளவு பாதியாக இருக்கட்டும்.

மிஞ்சியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆழமான அண்டாவில் மூடிய சோறு நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். வேர்த்து நீர்விட்டுச் சீக்கிரம் ஊசிப்போகும். ஆகவே 60 டிகிரிக்கு மேல் சூட்டில் வையுங்கள், முடியாவிட்டால் அகலத் தட்டுகளில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர் கையில் சேருங்கள். முதலில் கெடுவது தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் அவியலும் சட்னியும். வத்தக்குழம்பு, புளி சேர்ந்த மண்டி ஆகியவை சற்றுத் தாங்கும் என்றாலும் அவற்றையும் சூடாகவே அனுப்புங்கள். இலையில் விழுந்ததைக் கொடுக்கவே கூடாது.

முதியோர் இல்லத்துக்கோ விடுதிக்கோ கொடுக்க நினைத்தால், காலையிலேயே பேசிவைத்து, கடைசிப் பந்திக்கு முந்தின பந்தியில் உறுதி சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு வண்டியில் கொண்டுபோனால் அங்கே எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். மிஞ்சிய உணவை எப்படிக் கையாள வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையே சொல்கிறது. என்ன பண்டம், எப்போது சமைத்தது என்று பாத்திரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

"மாட்டுக்குப் போட்டால் புண்ணியம்தானே" என்பார்கள். வெறும் இலை சரி. வாளி வாளியாகச் சோற்றைக் கொட்டினால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி உப்பிசமாகும். அது செத்தும் போகலாம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. குப்பையும் அதற்கேற்பப் பெருகும். உரிமம் பெற்ற மண்டபமாக இல்லாமல் பழைய வீட்டின் உள்முற்றமான வளவிலோ பந்தலிலோ நூறு பேருக்கு மேல் கூட்டினால் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. இலை எடுக்கும் இடத்திலேயே இரண்டு பெரிய கூடை வையுங்கள்: ஒன்றில் இலையும் எச்சிலும், மற்றதில் பாட்டிலும் காகிதமும். மேசை விரிப்பு பிளாஸ்டிக்கும், பிளாஸ்டிக் பூசிய தட்டும் கோப்பையும் 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. தண்ணீருக்குச் செம்பும் டம்ளரும் வைத்தால் பாதி குடித்த பாட்டில்களும் சேராது. இலைக்கூடையில் பிளாஸ்டிக் கலக்கவில்லை என்றால்தான் அது உரக்குழிக்குப் போகும். ஒரு கூடையில் நாலு கோப்பை விழுந்தாலும் பிரித்தெடுக்க ஆள் கிடைக்காமல் மொத்தமும் குப்பைமேட்டுக்குத்தான்.