பொதியில் நாட்டின் பெயர் இருந்தால் இறைச்சியும் அந்த நாட்டுடையதா?

அடுத்த கேள்வி கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "திருகோணமலை டவுனில் கோழி சொசேஜ் பைக்கற் ஒன்று வாங்கினேன். பின்பக்கம் 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்று இருக்கிறது. அப்படியென்றால் உள்ளே இருப்பது நம் நாட்டுக் கோழிதானா? லண்டனில் மாட்டிறைச்சிக்குப் பிறந்த நாடு, வளர்ந்த நாடு, அறுத்த நாடு எல்லாம் போடுவார்கள் என்று என் நானா சொல்கிறார். இங்கே ஏன் இல்லை? அதை வைத்து ஹலால் என்று எடுக்கலாமா?"

சகோதரி, அந்த வரி சொசேஜ் எங்கே செய்யப்பட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது. கோழி எங்கே வளர்ந்தது என்பது அதில் வராது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதி இருக்கிறது. ஓர் உணவு இரண்டாவது நாட்டுக்குப் போய், தன்மையே மாறும் அளவுக்குப் பதப்படுத்தப்பட்டால், அந்த இரண்டாவது நாட்டைத்தான் உற்பத்தி நாடாகப் போட வேண்டும் என்கிறது அது. வெளிநாட்டு இறைச்சியை இங்கே அரைத்து, மசாலா சேர்த்து, உறையில் அடைத்தாலும் அது இலங்கைச் சொசேஜ்தான், பொய் எழுதியதாக ஆகாது. உங்கள் பைக்கற் அப்படிப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வரியை வைத்து இரண்டில் எது என்று கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

முழுத் துண்டாக உறைய வைத்து இறக்குமதியாகும் இறைச்சி வேறு. அந்தப் பொதியில் உற்பத்தி நாடும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும் என்று நம் உணவுச் சட்ட ஒழுங்குவிதிகளே சொல்கின்றன. ஆனால் கடையில் பார்த்தால்! என்.சி. வீதிப் பக்கம் ஓர் ஆட்டிறைச்சிப் பொதியை எடுத்துப் பனியைத் துடைத்துப் பார்த்தேன். சரியாக அந்த விபரத்தின் மேலேயே விலை ஸ்டிக்கர். வேண்டுமென்று ஒட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் உரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நானா சொன்னது சரி. பைத்தியமாட்டு நோய்க்குப் பிறகு, 2000 இல் ஐரோப்பிய ஒன்றியம் மாட்டிறைச்சிக்கு அந்த விதியைக் கொண்டுவந்தது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அதைக் கைவிடவில்லை. ஆனால் அங்கேயும் அது பச்சை இறைச்சிக்கும் கொத்திய இறைச்சிக்கும்தான். சொசேஜுக்கு அந்த மூன்று விபரமும் கட்டாயமில்லை. 2013 இல் மாட்டிறைச்சி என்று எழுதிய உறைந்த சாப்பாடுகளில் குதிரை இறைச்சி அகப்பட்டதே, அதுவும் பதப்படுத்திய உணவில்தான்.

இங்கே ஏன் இல்லை என்றால், இதில் வியாபாரச் சண்டை நிறைய இருக்கிறது. அமெரிக்காவைப் பாருங்கள். கனடாவிலும் மெக்சிக்கோவிலும் பிறந்த கன்றுகள் அங்கே போய்க் கொழுக்க வளர்க்கப்படுகின்றன. பிறப்பு, வளர்ப்பு, அறுப்பு என்று தனித்தனியே எழுத அமெரிக்கச் சட்டம் சொன்னதும், அந்த மாடுகளைப் பிரித்து வைத்துக் கணக்கு எழுதும் செலவுக்குப் பயந்து அறுக்கும் கம்பனிகள் அவற்றை வாங்கப் பின்வாங்கின. இரு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றன. அமெரிக்கப் பொருட்களுக்கு வருடத்துக்கு 100 கோடி டொலருக்கு மேல் பதில் வரி போடலாம் என்று 2015 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அதே மாதம் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் அந்தச் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் எடுத்துவிட்டது. கோழிக்கும் ஆட்டுக்கும் இன்னும் இருக்கிறது. வாங்கிச் சாப்பிடுகிறவர் கேட்டதை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். சொசேஜிலும் பிரதான இறைச்சி எந்த நாட்டுடையது என்று ஒரு வரி போடுவதால் யாரும் நட்டப்படப் போவதில்லை.

ஹலால் விசயத்துக்கு வருவோம். நாட்டின் பெயரை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். முஸ்லிம் நாட்டில் பொதி செய்தது என்பதே சான்று ஆகாது. நியூசிலாந்தில் இருந்து வந்தது என்பதற்காக ஹலால் இல்லை என்றும் ஆகாது. சான்று முத்திரை இருக்கிறதா, யார் கொடுத்தது என்று பாருங்கள். ஊர் மடுவத்தில் அறுத்து, இறைச்சிக் கடையில் தொங்கவிட்டு விற்பதற்கு லேபிளே கிடையாது. அங்கே கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். மாட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்தாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பொதியில் நாடும் இல்லை, இறக்குமதியாளரும் இல்லை என்றால் பைக்கற்றையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்துக்கொண்டு 1977 க்கு அழையுங்கள், அது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். இல்லாவிட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நேரே கொண்டுபோய்க் காட்டலாம்.