கண்ணுக்கு ஓட்டை இல்லாத முகமூடி: 1989-ல டிவிக்கு வந்த டேர்டெவில்

[திரையில்: கருப்பு முகமூடி, குளோஸ்-அப்]

இந்த முகமூடியை நல்லா பாருங்க. கண்ணுக்கு ஓட்டையே கிடையாது. நெத்தியிலிருந்து மூக்கு வரைக்கும் வெறும் கருப்புத் துணி.

இதைப் போட்டிருக்கிறவர் மேட் மர்டாக். பகல்ல வக்கீல், ராத்திரியில சட்டத்தைத் தன் கையில எடுக்குற டேர்டெவில். சின்ன வயசுல ஒரு பெரியவரை லாரியில அடிபடாம காப்பாத்தப் போய், கதிர்வீச்சுக் கழிவு பட்டுப் பார்வை போயிடுச்சு. மத்த புலன்களெல்லாம் கூர்மையாயிடுச்சு. காமிக்ஸ்ல அவருக்குச் சிவப்பு உடுப்பு, கொம்பு, கண்ணு இருக்குற முகமூடி. ஆனா பார்வை இல்லாதவருக்கு எதுக்கு அது? எனக்கு இந்தத் துணிதான் பிடிச்சிருக்கு. அவர் யாருங்கிறதை ஒளிக்காம சொல்லுது.

[திரையில்: படத்தோட பேர்]

படத்தோட பேர் 'தி ட்ரையல் ஆஃப் தி இன்கிரெடிபிள் ஹல்க்'. 1989 மே 7, அமெரிக்காவுல என்.பி.சி. சேனல்ல வந்துச்சு. டிவிக்காகவே எடுத்த படம். 1982-ல முடிஞ்ச ஹல்க் தொடரோட தொடர்ச்சி. டாக்டர் பேனரா நடிச்ச பில் பிக்ஸ்பியே இயக்கியிருக்கார். கோபம் வந்தா பேனர் ஹல்க்குங்கிற பச்சை ராட்சசனா மாறிடுவார்; அந்தப் பச்சை உடம்போட வர்றது லூ ஃபெரிக்னோ.

இதுல இன்னொரு கணக்கும் உண்டு. ஹல்க்கைக் காட்டி ஆளுங்களை உக்கார வெச்சு, டேர்டெவிலுக்குத் தனித் தொடர் எடுபடுமான்னு ஆழம் பாத்தாங்க. முந்தின வருஷம் இன்னொரு காமிக்ஸ் ஹீரோவான தோருக்கும் இதே முயற்சி நடந்துச்சு.

பேர்ல இருக்குற விசாரணை பேனர் காணுற ஒரு கெட்ட கனவுல மட்டும்தான் வருது. அந்தக் கனவுல ஜூரி வரிசையை விட்டுடாதீங்க, ஹல்க்கையும் டேர்டெவிலையும் உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஸ்டான் லீ உக்காந்திருப்பார்.

[திரையில்: விழுந்து கிடக்குற டேர்டெவில்]

படத்தோட உயிர் இங்கதான் இருக்கு. வில்லன் வில்சன் ஃபிஸ்க், அதாவது ஜான் ரைஸ்-டேவிஸ், வெச்ச பொறியில மாட்டி, டேர்டெவில் சாகுற அளவுக்கு அடி வாங்குறார். ஹல்க் புகுந்து காப்பாத்துது. அப்புறம் ஹல்க் மறுபடி மனுஷனா மாறும்போது, மர்டாக் கையை நீட்டி அந்த முகத்தைத் தொடுறார். அந்த முரட்டு முகம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி பேனர் முகமா ஆகுறதை விரல்லயே தெரிஞ்சுக்குறார். மத்தவங்க கண்ணால பாத்து அலறுற விஷயத்தை, இவர் தொட்டுப் புரிஞ்சுக்குறார். எத்தனை கோடி கிராஃபிக்ஸ் போட்டாலும் இந்த இடத்துக்கு ஈடாகாதுன்னு நான் நம்புறேன்.

அதுக்கப்புறம் ஹல்க் வரவே மாட்டார். ஆமாங்க, கிளைமாக்ஸ்ல கூட! அன்னிக்கு டிவி முன்னாடி உக்காந்தவங்களுக்கு அது ஏமாத்தமாத்தான் இருந்திருக்கும். ஆனா அந்த இடத்துல பேனர் டாக்டரா மட்டும் இருக்கார். காயத்துக்கு மருந்து போடுறார். தைரியம் உடைஞ்சுபோய், இனிமே முகமூடியே வேண்டாம்னு நிக்குற மர்டாக்கைப் பேசிப் பேசித் தேத்துறார். தன்னோட சக்தியைச் சாபமா நினைச்சு ஓடுற மனுஷன், இன்னொருத்தரை அவரோட சக்திக்குத் திருப்பி அனுப்புறார். மர்டாக்கா நடிச்ச ரெக்ஸ் ஸ்மித், அடிப்படையில ஒரு பாடகர், அந்தத் தளர்வை ரொம்ப நல்லா காட்டியிருக்கார்.

[திரையில்: ராத்திரி நகரம், உயரமான கட்டடம்]

கடைசியில டேர்டெவில் எழுந்து வந்து சண்டை போடுறார், ஆனா ஃபிஸ்க் பறக்குற வண்டியில ஏறித் தப்பிச்சுடுறான். மிச்சத்தைத் தொடர்ல பாத்துக்கலாம்னு விட்டு வெச்ச இடம் அது. அந்தத் தொடர் வரவே இல்ல.

2015-ல நெட்ஃபிளிக்ஸ்ல சார்லி காக்ஸ் டேர்டெவிலா வந்தப்போ, முதல் சீசன்ல பெரும்பாலும் அவர் போட்டிருந்தது கருப்பு உடுப்பு. கண்ணை மூடுன துணி.