கோட்டைப் பக்கமா, கடற்கரைப் பக்கமா?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். என்னை நம்பி இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இருவருக்கும், என்னை நன்றாகத் தெரிந்ததால் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும் மூவருக்கும், தேத்தண்ணி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் சபைக்கும் வணக்கம். வணக்கம் முடிந்தது. தந்த பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மைக்கோடு மல்லுக்கட்டியே போய்விட்டது.

போன சனிக்கிழமை திருகோணமலையில் இதே மண்டபத்தில் ‘மெய்யழகன்’ படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, அந்தச் சூடு ஆறும் முன்னமே தலைப்பும் போட்டார்கள். ஊர் திரும்பி இளமைக்காலத் தவறுகளுக்கு முகங்கொடுப்பதில் மிஞ்சுவது ஆறுதலா, அலைச்சலா? நான் ஆறுதல் அணி. உண்மையைச் சொன்னால் சீட்டுக் குலுக்கியதில் ஆறுதல் விழுந்தது. அலைச்சல் விழுந்திருந்தாலும் இதே கதையைத்தான் சொல்லியிருப்பேன், முடிவை மட்டும் வேறு இடத்தில் நிறுத்தியிருப்பேன்.

படம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 2024இல் வந்தது, ‘96’ எடுத்த பிரேம்குமார்தான் இதற்கும் இயக்குநர். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996இல் தஞ்சாவூரை விட்டுப் போன அரவிந்த்சாமி, இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கலியாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி அத்தான் அத்தான் என்று நிழல் மாதிரி ஒட்டிக்கொள்கிறார். வந்தவருக்கு அவர் யார், பெயர் என்ன, ஒன்றும் ஞாபகமில்லை. கேட்கவும் வெட்கம். கடைசியில் விடியமுதல் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுகிறார். படம் வெளியான பிறகு நீளம் கூடிவிட்டது என்று பதினெட்டு நிமிடம் வெட்டினார்களாம். நடுவர் ஐயா, எனக்குத் தந்ததே பத்து, பார்த்து வெட்டுங்கள்.

இனி எதிரணித் தலைவி ரீச்சருக்கு வருகிறேன். வாதத்துக்குப் பிறகு வரலாம் என்றுதான் இருந்தேன், மனம் கேட்கவில்லை. என்ன சொன்னார்? “இவர் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினாலே வீட்டுக்கு மூன்று தரம் கோல் எடுக்கிற ஆள். ஊரை விட்டே போகாதவர் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேசுவது, மீசை முளைக்காதவன் சவரக்கத்தி விற்கிற மாதிரி.” நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நடுவரும் சிரித்தார், கண்டேன். மூன்றாம் வரிசையில் என் மனைவியும் சிரித்தார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரீச்சர், அந்தப் பாலம் திறந்ததே 2009இல். 396 மீற்றர் பாலத்தை இப்போது நீங்கள் ஒரு பாட்டுக் கேட்டு முடிய முன்னம் தாண்டிவிடுகிறீர்கள். அதற்கு முந்தி பாதைப் படகு வரும்வரை வெயிலில் காத்துநின்று, மோட்டார் சைக்கிளுக்கும் மரக்கறி மூட்டைக்கும் நடுவில் ஒற்றைக்காலில் நின்று கடந்தவன் நான். தொண்ணூறில் சண்டை நேரம் கொஞ்ச மாதம் ஊரில் இல்லைத்தான். அதைப் பயணக் கணக்கில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. சரி, சவரக்கத்திக்கு வருவோம். எங்கள் ஒழுங்கையில் சலூன் வைத்திருக்கிற அண்ணைக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் உட்பட இந்த ஊரே அவரிடம்தான் தலையைக் கொடுக்கிறது!

இன்னும் ஒன்று. ஸ்கார்பரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருகிறவர்கள், கொழும்பு கோட்டையில் இரவு ரயில் ஏறி விடியற்காலையில் இங்கே இறங்கி, யார் வீட்டுப் படலையைத் தட்டுகிறார்கள்? என் வீட்டுப் படலையை. ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த மிச்சப் படலை எல்லாவற்றிலும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். “இதிலே நின்ற வேம்பு எங்கே, அந்தப் பாண் பேக்கரி எங்கே” என்று ஏதோ நான்தான் தறித்து விற்ற மாதிரி என்னிடம் விசாரணை வேறு. அப்புறம் அந்தப் படத்துக்கு யாருடைய பெயரை வைத்தார்கள் ரீச்சர்? போய்த் திரும்பி வந்தவரின் பெயரையா? இல்லை. ஊரிலேயே நின்றவனின் பெயரை!

கைதட்டினவர்களுக்கு நன்றி. மனைவி இன்னும் தட்டவில்லை.

எதிரணியின் இரண்டாவது தம்பி நன்றாகப் படித்தவர். “திருஞானசம்பந்தரே கோணமலைக்கு வரவில்லை, இராமேஸ்வரத்தில் நின்றபடி பதிகம் பாடிவிட்டுப் போனார், மனம் இருந்தால் போதும், ஆள் வரத் தேவையில்லை” என்றார். பெரியபுராணம் அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தம்பி, சம்பந்தர் இங்கே கோட்டை வாசலில் கச்சான் கடலை களவெடுத்துவிட்டுப் போனவர் இல்லை.

நாங்கள் எடுத்தோம்.

1982, சிவராத்திரி. கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால்தான் ஏறிப் போகவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு வெளியே பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் வரிசையாகக் கச்சான் கடை. நாங்கள் மூன்று பேர். எனக்குப் பதினான்கு வயது. இன்னொருவன் இப்போது கனடாவில் இருக்கிறான், பெயர் வேண்டாம், கனடா என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஆள் ஒரு கச்சான் கடைக்கார அக்காவின் மகன், எங்களில் இளையவன், சின்னவன் என்று கூப்பிடுவோம். களவு அவனுடைய அம்மாவின் கடையிலேயே! திட்டம் கனடாவினுடையது. சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு “அம்மா வயிற்றுக்குத்து” என்று அழவேண்டும், அக்கா அவனைப் பார்க்கிற நேரம் கனடா பையைத் தூக்கவேண்டும், நான் ஆள் வருகிறதா என்று பார்க்கவேண்டும். நான் பார்த்தேன். நிறைய ஆள் வந்தது. சிவராத்திரி அல்லவா.

கனடா பையில் கை வைத்ததும் சின்னவனுக்கு வயிற்றுக்குத்தும் மறந்துவிட்டது, நடிப்பும் மறந்துவிட்டது. களவெடுத்தவன் ஓடமுதல் அவன் எழும்பி ஓடினானே ஒரு ஓட்டம்! சொந்தத் தாயின் கடையில் களவு கொடுத்துவிட்டு, கள்ளனுக்கு முன்னால் ஓடின பிள்ளை உலகத்தில் அவன் ஒருவன்தான். நாலு சுண்டு கச்சான். அதிலும் பாதி வழியில் கொட்டி, கோட்டை மான்கள் வந்து தின்றுவிட்டன. எங்கள் வாய்க்கு வந்தது ஆளுக்கு ஒரு பிடி. அக்காவின் கடை வாசலில் நாங்கள் விட்டுவிட்டு வந்தது ஒரு செருப்பு.

யாருடைய செருப்பு? என்னுடையது.

விடிந்ததும் செருப்போடு அக்கா எங்கள் வீட்டு முற்றத்தில். அப்பாவின் கையில் பூவரசங்கம்பு. கனடா வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தான், ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணாடி கழற்றிவைத்துவிட்டு அடிக்கிற அப்பா உங்களில் எத்தனை பேருக்கு? அவர்களுக்கு மட்டும் விளங்கும். அன்றிலிருந்து ஒழுங்கையில் எனக்குக் கச்சான் கள்ளன் என்று பெயர். 85இல் கனடா படகேறி இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போனான். பெயர் மட்டும் என்னோடு நின்றுவிட்டது.

போன வருடம் ஆடியில் வந்து இறங்கினான். நாற்பது வருடம்! அங்கே தியேட்டரில் இந்தப் படத்தைப் பார்த்தபிறகு நித்திரை இல்லையாம், அந்தப் பூவரசங்கம்புச் சத்தம் காதுக்குள்ளே கேட்கிறதாம். வாங்கினவன் எனக்கே கேட்கவில்லை. ஒரு போர்வை, இரண்டு போத்தல் விற்றமின் குளிசை, ஒரு பை சொக்லேட். அக்கா இப்போது ஆச்சி, எண்பதைத் தொடுகிறார், அன்புவழிபுரத்தில் இருக்கிறார். விறாந்தையில் ஆச்சியின் காலடியில் கனடா குந்தியிருந்து, “ஆச்சி, அந்தச் சிவராத்திரி கச்சான் பையை எடுத்தது நான்தான், அவனில்லை, என்னை மன்னியுங்கோ” என்று விம்முகிறான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், இன்றோடு என் பெயர் கழுவப்படப் போகிறது என்று.

ஆச்சி அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப அவனைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, நீ நல்ல பிள்ளை. உந்தக் கள்ளனுக்காக நீ ஏன் பொய் சொல்லுறாய்? செருப்பு அவன்ர.”

சிரியுங்கள், சிரியுங்கள். ரீச்சர் மேசையில் தட்டுகிறார், அலைச்சல் அணிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று. பன்னிரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து வந்து, போர்வை கொடுத்து, கள்ளனை உறுதிப்படுத்திவிட்டான். நடுவரும் ஏதோ எழுதுகிறார். பென்சிலால் எழுதுங்கள் ஐயா, அழிக்க வேண்டி வரும்.

ஏனென்றால் அதற்குப் பிறகு ஆச்சி கேட்டார், “அப்ப சின்னவன் எங்க நின்றவன்?” என்று.

சின்னவன் 90இல் பாண் வாங்க சைக்கிளில் வெளிக்கிட்டவன். பாணும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. இந்த மண்டபத்தில் இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு படம் மாலையும் போடாமல் எடுக்கவும் மனமில்லாமல் தொங்குகிறது. ஆச்சி எத்தனையோ படிவம் நிரப்பினார். எல்லாப் படிவத்திலும் கேட்டது காணாமற்போன திகதி, நேரம், உடுத்திருந்த உடுப்பு. அவன் எப்படி ஓடுவான் என்று ஒரு படிவத்திலும் கேட்கவில்லை.

கனடா சொன்னான். வயிற்றுக்குத்து நடிப்பிலிருந்து சொன்னான். ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “திரும்பச் சொல்லு” என்றார். திரும்பச் சொன்னான். “எந்தப் பக்கமா ஓடினவன்? கோட்டைப் பக்கமா, கடற்கரைப் பக்கமா?” கனடா கடற்கரை என்றான். நான் கோட்டை என்றேன். மான் தின்றதே, கோட்டைக்குள்தானே மான் என்றேன். மான் கடற்கரைக்கும் வரும் என்றான். ஐம்பத்தேழு வயதில் இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறோம், ஆச்சி நடுவில் இருந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார், நடுவர் ஐயா, உங்களை மாதிரியே, ஆனால் மணி இல்லாமல். மூன்றாம் தரமும் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தரமும் சின்னவன் எழும்பி ஓடுகிற இடத்தில் மட்டும் கையைத் தூக்கி, “பொறு, பொறு” என்று நிறுத்தினார். எட்டு மணிக்கு அவரே பிளேன்ரீ போட்டுத் தந்தார். கள்ளனுக்கும்தான்.

ரீச்சர், நீங்கள் சொன்னது சரி. நான் ஊரை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு நானும் நாற்பது வருடம் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம். கச்சான் கள்ளன் என்பாரே என்ற வெட்கத்தில் சந்தையில் கண்டாலும் அடுத்த பக்கத்தால் போய்விடுவேன். சின்னவன் போன பிறகும் போகவில்லை. ஒருத்தன் கனடாவிலிருந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டி இருந்தது.

அவன் திரும்பிப் போய்விட்டான். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் போகிறேன். ஆச்சிக்கு இடையிடையே என்னையும் மறந்துபோகிறது, செருப்பு மறக்கவில்லை. போய் உட்கார்ந்ததும் அதே கேள்விதான். ஒரு வெள்ளி கோட்டைப் பக்கம் என்பேன், அடுத்த வெள்ளி கடற்கரைப் பக்கம் என்பேன். இரண்டுக்கும் ஆச்சி தலையாட்டுவார், “ஓம், அவன் அப்பிடித்தான் ஓடுவான்” என்று.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. வணக்கம்.