ஃபோன்தெனே: சம்மட்டி அடித்த மடாலயம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், மோன்பார் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், காட்டுக்குள் ஒரு பள்ளத்தாக்கு. 1118-இல் புனித பெர்னார்டு நிறுவிய ஃபோன்தெனே மடாலயம் அங்கேதான் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "என்ன ஓர் அமைதி!" என்கிறார்கள். அந்த அமைதிக்கு வயது அதிகமில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

ஆலயத்தை 1147-இல் திருத்தந்தை (போப்) மூன்றாம் யூஜின் புனிதப்படுத்தி வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்த மடத்துத் துறவிகள் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையினர்; ஆடம்பரத்தை அண்டவிடாதவர்கள். மணிக்கூண்டு கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது. வெறும் கல்லும் வெளிச்சமும்தான். மாடியில் துறவிகள் படுத்த நீளக் கூடம். பர்கண்டிக் குளிரிலும் அங்கே கணப்பு இல்லை. நள்ளிரவுச் செபத்துக்கு எழுந்தால் படியிறங்கி நேரே ஆலயத்துக்குள் போய்விடலாம்.

என்னைக் கட்டிப்போட்டது துறவிகள் இரும்படித்த உலைக்கூடம். 53 மீட்டர் நீளம். ஆலயத்துக்குச் சளைக்காத கட்டடம். பக்கத்துக் குன்றில் இரும்புத்தாது கிடைத்தது. ஓடையைக் கட்டடத்தின் ஓரமாகத் திருப்பி நீர்ச்சக்கரம் சுழல வைத்தார்கள். சக்கரத்தின் அச்சில் நீட்டிக்கொண்டு நிற்கும் கட்டைகள் சம்மட்டியைத் தூக்கும். கட்டை விலகியதும் அது தன் பாரத்திலேயே பட்டடைமேல் 'தொம்' என்று விழும். செபமும் உழைப்பும் சேர்ந்ததுதான் அவர்கள் வாழ்க்கை ஒழுங்கு. ஆகவே இந்தச் சத்தம் யாருக்கும் இடைஞ்சலாகத் தோன்றியிருக்காது.

பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகள் வெளியேற, சொத்து ஏலத்துக்குப் போனது. 1820-இல் மோன்கோல்ஃபியே குடும்பம் வாங்கிக் காகித ஆலை நடத்தியது. ஆமாம், வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்டார்களே, அதே குடும்பம்தான்! அக்காலத்தில் எத்தனையோ மடங்களைக் கல்லுக்காகவே இடித்து விற்றார்கள். இது தப்பியதற்கு ஆலை ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

1906-இல் அந்த வீட்டு மருமகன், லியோன் நகர வங்கியாளர் எதுவார் ஏனார், மடத்தை வாங்கினார். அவர் செய்த சீரமைப்பில் பாதி இடிப்புதான்: ஆலைக் கட்டடங்களைத் தரைமட்டமாக்கி, 1911-க்குள் இடைக்காலத் தோற்றத்தை மீட்டார். 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. ஒரேயொரு ஆலைக் கொட்டகையையாவது விட்டுவைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

உலைக்கூடத்தில் இப்போது பழைய முறையிலேயே ஒரு நீர்ச்சம்மட்டியைச் செய்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் ஆலயத்தோடு திரும்பிவிடாமல் அங்கேயும் எட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.